திரைக்கு வராத தெமோதரை: தொலைக்காட்சித் தொடர்களின் தெரிவு குறித்து ஒரு நோக்கு

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் கீழாகவே, மலையைச் சுற்றிவரும் அதே பாதை சுரங்கத்தினூடாகச் செல்கின்றது. இவ்வமைப்பும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலமும் தொலைக்காட்சிக் கமராவுக்கு உவப்பான காட்சிகள். பாலத்தின் அயலிலுள்ள தேயிலையும் உடன்வரும். அத்தேயிலையைக் கொய்வோரின் வாழ்வைக் கருவாகக் கொண்ட தமிழ்த் தொடர்நாடகங்களோ மிக அரிதாகவே வருகின்றன.

எழுதுவோர் இன்மையே இதற்குக் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. பதுளை மாவட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வெளிவந்தது. வி. பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ மலையக வாழ்வை 1975இலேயே வெண்திரைக்குக் கொணர்ந்தது. அதன் எழுத்திலும் ஜோசப்புக்குப் பங்குண்டு. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததோ 1979இல். முன்பே திரையேறிய வாழ்வு சின்னத்திரையின் வாயிலில் நின்றுவிட்டமைக்கு விடை, தொடர்கள் தெரிவுசெய்யப்படும் முறையிலேயே தேடப்படல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் பலநூறு கதைக்கருக்களைச் செவிமடுத்து, சிலவற்றை எழுதுவித்து, அவற்றுள்ளும் சிலவற்றுக்கே முன்னோடி அத்தியாயம் ஒன்றைப் படமாக்கிப் பார்த்தபின் தொடரை ஏற்பது நெடுங்கால வழக்கம். வீண்செலவு மிகுந்த முறையே. எனினும் ஆக்கம் கண்ணாற் கண்டபின் மதிக்கப்படுகின்றது. தமிழ்த் தொலைக்காட்சியில் வேறொரு வழி வேரூன்றியது. 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியிலே, தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்தை விலைகொடுத்துப் பெற்று, விளம்பரங்களை விற்று முதலை மீட்கும் முறை பரவிற்று. அங்கு முதலை மீட்டுவிட்ட தொடரை வாங்கி ஒளிபரப்புதல், இங்கே புதிதாக ஒன்றை ஆக்குவதினும் மலிவு. 1998இல் தோன்றிய சக்தி முதலாய அலைவரிசைகள் இந்தியத் தொடர்களிற் பெரிதும் தங்கிநின்றமை வியப்பன்று. உள்ளூர்ப் பிரதி ஒன்று வருமிடத்து, கதை யாது என்பதினும் அனுசரணையாளர் யார் என்ற வினாவே முந்துகின்றது. நாட்கூலி பெறும் தோட்டக் குடும்பம் விளம்பரதாரரின் கணக்கிற் பெரிய வாடிக்கையாளர் அன்று. (தேயிலைப் பொதிகளின் விளம்பரத்தில் மட்டும் கொழுந்து பறிக்கும் பெண் தவறாது சிரிக்கின்றாள், பேசுவதில்லை.)

அரச நிறுவனத்திடம் விட்டுவிட்டால் யாவும் சீராகும் என்பதும் எளிய நம்பிக்கையே. 1984இல் இந்தியத் தூரதர்சன், மெக்சிக்கோவின் சமூகநோக்குத் தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டு ‘ஹம் லோக்’ தொடரை ஒளிபரப்பியது. மனோகர் சியாம் ஜோசி எழுதிய அத்தொடரின் தொடக்கப் பகுதிகள் குடும்பக் கட்டுப்பாட்டுப் போதனையாற் பார்வையாளரைச் சலிப்புறச் செய்தன. நோக்கம் நன்று, நாடகம் நன்றன்று. கதைப்போக்கு மாற்றப்பட்ட பின்னரே நாடு அதனைத் தனதாக்கிக்கொண்டது. ஏற்றபின் திருத்தவும் இடமளித்ததே அத்தெரிவின் சிறப்பு எனலாம்.

ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982இல் சட்டத்தால் நிறுவப்பட்ட பொதுவுடைமை. ஆண்டுக்கு ஒரு மலையகப் பிரதிக்கேனும் முன்னோடி அத்தியாயம் எடுத்து, அதனைத் தெமோதரை போன்ற தோட்டமொன்றின் மண்டபத்திலே முதலிற் காட்டுதல் அதற்கு இயலாத செயலன்று. அதனினும் முதன்மையானது, பிரதியை வாசிப்பவர் யார் என்பது. தெரிவுக்குழுவிலே காலைப் பெரட்டுக் களத்தை அறிந்தவர் ஒருவரேனும் அமர்தல் வேண்டும். ‘பெரட்டு’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டு, லயத்துப் பேச்சைச் செம்மைப்படுத்தி அனுப்புமாறு பிரதியைத் திருப்பாதவர்.