எலிசபெத்தின் கணக்குப் பிழை

ஜேன் ஆஸ்டினின் நாவல்களைப் பற்றி நம்மவரிடையே ஒரு கருத்து நிலவி வருகின்றது. வேலையற்ற சீமாட்டிகள் தேநீர் அருந்திக்கொண்டும் நடனமாடிக்கொண்டும் மாப்பிள்ளை தேடும் கதைகளே அவை, உழைத்துண்ணும் மக்களுக்கு அவற்றால் ஆவதொன்றுமில்லை என்பதே அக்கருத்து. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். தனியார் பள்ளியொன்றில் ஆங்கில வழியே கற்ற காலத்தில் ‘பிரைட் அண்ட் பிரஜுடிஸ்’ நமக்குப் பாடநூல். தேர்வுக்காகப் படித்தோம், நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம், பிறகு அதை மறந்தோம். இப்பொழுது செபராங் ஜெயாவில் குடியிருந்துகொண்டு, நாள்தோறும் உட்புறத்துச் செம்பனைத் தோட்டமொன்றுக்குச் சென்று கணக்கெழுதிப் பிழைக்கின்ற நாம், அந்நூலை மீண்டும் எடுத்துப் படித்தபோது, பள்ளியில் நாம் படித்தது வேறு நூலோ என்று ஐயுற நேர்ந்தது.

1813ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் அந்நூல் வெளிவந்தது. முகப்பில் ஆசிரியை பெயர் இல்லை. முந்திய நாவலை எழுதியவரால் எழுதப்பட்டது என்று மட்டும் அச்சிட்டார்கள். அதன் உரிமையைப் பதிப்பாளரிடம் 110 பவுனுக்கு விற்றார் அவ்வம்மையார். அவர் படைத்த கதாநாயகன் டார்சிக்கோ ஆண்டு வருமானம் 10,000 பவுன்! கணக்கெழுதுகிறவன் கண்ணுக்கு இத்தகைய தொகைகள்தாம் முதலில் படுகின்றன. ஆனால் இது நமது தொழிற்கோளாறு மட்டுமன்று. அந்நூலில் ஒருவரேனும் வருமானத் தொகையின்றி உள்ளே நுழைவதில்லை. பிங்லி வருகிறார் என்றால் ஆண்டுக்கு நாலாயிரமோ ஐயாயிரமோ வருகின்றது. டார்சி வந்து நின்ற சில நிமிடங்களுக்குள் பத்தாயிரம் என்ற செய்தி கூடம் முழுதும் பரவி விடுகின்றது. நம் திருமண மண்டபங்களில் பந்தி முடிவதற்குள் மாப்பிள்ளையின் சம்பளமும் காரின் விலையும் பரவவில்லையா?

பென்னட் குடும்பத்தின் நிலையைச் சற்று நோக்குவோம். ஆண்டுக்கு 2,000 பவுன் வருவாயுள்ள லாங்போர்ன் நிலம், ஆண் வாரிசுக்கே உரியதென்று கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பிறந்தவர்களோ ஐந்தும் பெண்கள். தந்தை கண்ணை மூடினால் நிலமும் வீடும் காலின்ஸ் என்னும் தூரத்துறவினரான பாதிரிக்குப் போய்விடும். பெண்ணொன்றுக்குத் தாய்வழியில் கிடைக்கக்கூடியது 1,000 பவுன். நூற்றுக்கு நாலு வட்டியென்றால் ஆண்டுக்கு 40 பவுன். இந்நிலையில் ஐந்து பெண்களையும் கரையேற்றத் துடிக்கின்ற தாயை ஆசிரியை நகைப்புக்கு இடமாக்குகிறார். நாமும் பள்ளியில் சிரித்தோம். இன்று சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவ்வம்மையின் நடுக்கம் புதிதன்று. வேலையோடு சேர்ந்தது வீடு. ஓய்வு பெற்ற நாளில் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். கிராணி வீடாயினும் லயத்து அறையாயினும் விதி ஒன்றே. நாற்பதாண்டு பெருக்கி மெழுகிய வீட்டின் சாவியை அலுவலக மேசைமேல் வைத்துவிட்டு வந்த தாய்மாரை நாம் அறிவோம். பென்னட் அம்மையார் அறிவிலி என்பது மெய்யாயினும், அக்குடும்பத்தில் நாளைய தினத்தை எண்ணிக் கவலையுற்றவர் அவர் ஒருவரே. நூலகத்தில் அமர்ந்து மனைவியை ஏளனம் செய்துகொண்டிருந்த பென்னட் ஐயா ஒரு காசும் சேர்த்து வைக்கவில்லை. ஆசிரியை அவரிடம் காட்டும் இரக்கம் சற்று மிகுதி என்பதே நமது துணிபு.

நிற்க, உயர்வு தாழ்வு பற்றிய பகுதிக்கு வருவோம். பிங்லியின் சகோதரிமார் எலிசபெத்தின் மாமன் வாணிகம் செய்பவர் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் தந்தை சேர்த்து வைத்த செல்வமும் வாணிகத்தில் வந்ததே. அதனை அவர்கள் மறந்துவிட்டதாக ஆசிரியை ஒரு வரியில் குத்திக்காட்டி மேலே சென்றுவிடுகிறார். அந்த ஒரு வரி நம்மை உறுத்தியது. துரைக்குக் கீழே பெரிய கிராணி, அவருக்குக் கீழே சின்னக் கிராணி, பின் மண்டோர், பின் லயத்து மக்கள் என்று அடுக்கப்பட்ட ஏணியில் நடுப்படியில் நிற்கின்றவன் எவனோ, அவனுக்கே கீழ்ப்படியின்மேல் அருவருப்பு மிகுதி. துரைக்கு அது தேவையில்லை. நம் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். ஆயினும் நம் வீட்டில் ‘லயத்துப் பிள்ளைகள்’ என்ற சொல் எத்தகைய குரலில் வழங்கியது என்பது நமக்குத் தெரியும்.

கதையின் பிற்பகுதியில் கேதரின் சீமாட்டி வண்டி கட்டிக்கொண்டு வந்து, என் மருமகனை நீ மணக்கக்கூடாதென்று மிரட்டுகிறாள். எலிசபெத் அஞ்சாமல் விடையிறுக்கிறாள்: அவர் நற்குடி மகன், நானும் நற்குடியாளர் மகளே, எங்களுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்பது அவ்விடையின் சாரம். படிப்பவர் உள்ளம் துள்ளும் இடம் இது. ஆனால் கூர்ந்து நோக்கின், எலிசபெத் கேட்கின்ற சமத்துவம் மேல்நோக்கியது மட்டுமே. அவள் வழக்கறிஞர் மகளாகவோ குடியானவர் மகளாகவோ பிறந்திருந்தால் அவ்விடை செல்லாது. ஏணியை அவள் உடைக்கவில்லை. தானும் அதே படியில் நிற்பதாகச் சான்று காட்டுகிறாள். நம் மேடைகளிலும் ‘எமக்கு மேலே ஒருவருமில்லை’ என்ற முழக்கம் கேட்ட அளவு, ‘எமக்குக் கீழே ஒருவருமில்லை’ என்ற முழக்கம் கேட்டதில்லை.

இன்னுமொரு சிறு செய்தி. நெதர்பீல்டு நடனத்துக்கு முந்திய நாட்களில் ஓயாத மழை. பெண்கள் வெளியே செல்ல இயலவில்லை. பாதணிகளில் சூடும் பட்டுப் பூக்கள் ஆள்விட்டு வாங்கப்பட்டன என்று ஆசிரியை போகிறபோக்கில் சொல்கிறார். அந்த மழையில் நனைந்து சென்ற ஆள் யார்? பெயரில்லை. இருநூறாண்டு கழித்து 2013இல் ஜோ பேக்கர் என்னும் ஆங்கில எழுத்தாளர் அவ்வீட்டுப் பணியாட்களைக் கொண்டே ‘லாங்போர்ன்’ என்றொரு நாவல் எழுதினார். பெரட்டுக் களத்தில் மழைநாளில் நிற்கின்ற இந்தோனேசியத் தொழிலாளியையும் வங்காள தேசத்துத் தொழிலாளியையும் காலைதோறும் பெயர் சொல்லி அழைத்துப் பதிகின்ற நமக்கு, அவ்வொரு வரி எளிதில் கடந்து செல்லக் கூடியதாக இல்லை.

ஆயினும் இந்நூலின் உயிர்நிலை இவற்றிலில்லை. எலிசபெத்தின் பிழையிலேதான் இருக்கின்றது. அதைச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றோம்.

விக்காம் என்னும் படைத்துறை இளைஞன் இனிமையாகப் பேசுகிறான். அறிமுகமான சில நாளில், எலிசபெத் வற்புறுத்திக் கேளாமலேயே, டார்சி தன் தந்தையின் உயிலை மீறித் தன்னை வஞ்சித்ததாகச் சொல்லி முடிக்கிறான். அவள் நம்பிவிடுகிறாள். ஏன் நம்பினாள்? சான்று ஏதேனும் கண்டாளா? ஒன்றுமில்லை. ‘டார்சியின் தந்தைமேல் கொண்ட மதிப்பால் இதனை வெளியிடேன்’ என்று சொன்னவனே, டார்சி ஊரைவிட்டகன்றதும் ஊரெல்லாம் வெளியிடுகிறான். அதுவும் அவள் கண்ணில் படவில்லை. முதல்நாள் நடனத்தில் டார்சி அவளை அழகு போதாதவள் என்று சொல்லக் கேட்ட புண் ஆறவில்லை. விக்காமோ அவளை நாடி வந்து பேசுகிறான். ஒருவன் புறக்கணித்தான், மற்றவன் பாராட்டினான். அவ்வளவே அவளிடமிருந்த சான்று.

டார்சி அவளை மணக்க வேண்டி முதன்முறை பேசும்போது, அவள் குடும்பத்தின் தாழ்வை அவளிடமே எடுத்துரைத்துத்தான் காதலைச் சொல்கிறான். கடன் கொடுக்க வந்தவன் வட்டி விகிதம் கூறுவதுபோல. அவள் மறுத்து விரட்டுகிறாள்; மறுத்தது முற்றும் சரி. மறுநாள் அவன் ஒரு மடலைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அம்மடலை அவள் படிக்கின்ற பகுதியே நூலின் சிகரம் என்போம். அதில் கெஞ்சலில்லை. தொகை இருக்கின்றது: உயிலின்படி 1,000 பவுன், பாதிரிப் பதவிக்கு ஈடாக விக்காம் கேட்டுப் பெற்றுக்கொண்ட 3,000 பவுன். சாட்சி இருக்கின்றது: ஐயமிருப்பின் கர்னல் பிட்ஸ்வில்லியத்தைக் கேட்டறியலாம். பதினைந்து வயதுத் தங்கையின் 30,000 பவுன் சொத்தின்மேல் கண்வைத்து, அச்சிறுமியை விக்காம் அழைத்தோட முயன்ற செய்தியும் இருக்கின்றது. எலிசபெத் முதலில் சீறுகிறாள், மடலை மடித்து வைக்கிறாள், மீண்டும் பிரிக்கிறாள், வரிவரியாக ஒப்பிடுகிறாள். ஆண்டிறுதியில் தணிக்கையாளர் வந்து பேரேட்டையும் ரசீதையும் அருகருகே வைத்து நோக்குவாரே, அத்தகைய வேலை அது. பற்றுச்சீட்டில்லாத செலவை நாம் ஏட்டில் ஏற்றுவதில்லை. ஆனால் மனிதரைப் பற்றிய கணக்கில் நம்முள் எத்தனைபேர் பற்றுச்சீட்டுக் கேட்கின்றோம்?

பின்னர் பெம்பர்லி மாளிகையில் ரெனால்ட்ஸ் என்னும் மூத்த பணிப்பெண், தன் எசமானரை நான்கு வயது முதல் அறிவேன், ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்கிறாள். எலிசபெத்தின் உள்ளம் அங்கே திரும்புகின்றது. ஆய்வாளர் பலர் இதனைப் புகழ்வர். நமக்கோ ஓர் ஐயம். சம்பளம் வாங்குகின்ற இடத்தில் நின்றுகொண்டு, வந்த விருந்தினரிடம் எசமானரைப் பற்றி வேறென்ன சொல்ல முடியும்? நம்மிடம் ஒரு விருந்தினர் துரையைப் பற்றிக் கேட்டால் நாமும் அதனையே சொல்வோம். எனினும் வேலைக்காரியின் சொல்லைச் சான்றாக மதித்து, ஒரு சீமானின் குணத்தை அதனைக்கொண்டு எடைபோடலாம் என்று 1813இல் ஒரு பெண் எழுதியது பெரிது. மாளிகையின் உயரத்தையும் கண்ணாடிகளையும் கொண்டு எடைபோடுகிறவர்களே அன்றும் மிகுதி, இன்றும் மிகுதி.

இவ்வளவு எழுதியபின் நமது கதையை மறைப்பது நேர்மையன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் தங்கைக்கு இரு இடங்களிலிருந்து பெண் கேட்டு வந்தனர். ஒருவர் லயத்தில் பிறந்து, தொழிற்கல்வி கற்று, பிறையில் ஒரு தொழிற்சாலையில் பணி செய்தவர், அதிகம் பேசாதவர். மற்றவர் நம் போன்றே ஆங்கிலம் பேசுகிறவர். நமக்கு எதிரில் அமர்ந்து நம் படிப்பைப் புகழ்ந்தார். முன்னவரை ‘எந்த லயம்?’ என்ற ஒரே கேள்வியோடு அனுப்பிவிட்டோம். பின்னவரோடு நிச்சயம் செய்தோம். கடன்காரர்கள் நம் வாயிலுக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. நிச்சயம் முறிந்தது. பள்ளியில் விக்காமின் குணத்தைப் பற்றி இரண்டு பக்கம் விடையெழுதியவர் நாமே! எலிசபெத்தாவது தன் வாழ்வில் தானே பிழை செய்தாள். நாமோ தங்கையின் வாழ்வில் பிழை செய்தோம். இரண்டு இடத்துக்கும் அவளை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

இங்கேதான் அந்நூலுக்கும் நமக்கும் உள்ள தொலைவு தெரிகின்றது. தமிழின் முதல் நாவலெனக் கருதப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் தொடங்கியது. அக்காலத் தமிழகத்தில் பெண்ணைச் சிறுமியாயிருக்கும்போதே மணமுடித்து விடுவது பரவலான வழக்கம். பார்த்து, பழகி, வெறுத்து, வெறுப்புத் தவறென்று உணர அவளுக்கு ஏது காலம்? பெண்ணுக்குப் பதினான்கு வயதென்று சட்டம் வரம்பு கட்டியதே 1929இல்தான். நடைமுறைக்கு வந்தது 1930 ஏப்ரலில். அதே 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதி மத வேறுபாடின்றித் துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டுமென்று தீர்மானித்தது. தேர்ந்துகொள்ளும் உரிமை என்றால் அதனுள் தவறாகத் தேர்வதற்கும், தவறாக மறுப்பதற்கும், பின் திருத்திக்கொள்வதற்கும் உரிமை அடக்கம். எலிசபெத் இருமுறை மறுக்கிறாள்: காலின்ஸை மறுத்தபோது வீட்டை இழக்கிறாள், டார்சியை மறுத்தபோது பத்தாயிரத்தை இழக்கிறாள். பென்னட் ஐயாவின் குறைகளை மேலே சொன்னோம். ஆனால் காலின்ஸை மறுத்த மகளின் பக்கம் நின்ற தந்தை அவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் அந்த அளவுக்கும் நிற்கவில்லை.

ஆஸ்டினின் மற்றொரு நாவலைத் தழுவி, 2000இல் ராஜீவ் மேனன் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்று திரைப்படமாக்கியதைத் தமிழர் அனைவரும் அறிவர். வீட்டை இழந்த தாயும் மகள்களும் சென்னைக்குப் பெயர்கின்ற பகுதியில் தமிழ் மண் மணக்கின்றது. மூத்தவளை ராசியில்லாதவள் என்று ஊர் ஒதுக்குவது ஆங்கில மூலத்தில் இல்லாத நம் கொடுமை. ஆனால் அப்படத்தில் திருமணத்துக்குத் தடையாக நிற்பவை பணமும் ராசியுமே. நம்மிடையே முதற் கேள்வியாக நிற்பது எதுவோ, அதனை அப்படம் தொடாமல் சென்றுவிட்டது.

நூலில் நமக்கு நிறைவளிக்காத ஒன்றுண்டு. எலிசபெத்துக்குத் தவற்றைத் திருத்திக்கொள்ள ஒரு மடலும் ஒரு மாளிகையும் வாய்த்தன. அவள் தோழி சார்லட்டுக்கு இருபத்தேழு வயது, கைப்பொருளில்லை, காலின்ஸை மணந்துகொள்கிறாள். எலிசபெத் அதனை இழிவென்று கருதுகிறாள். ஆசிரியை என்ன கருதுகிறார் என்பது தெளிவாக இல்லை. அவர் தாமும் மணமாகாமலே வாழ்ந்து 1817இல் நாற்பத்தொன்றாம் வயதில் மறைந்தவர். சார்லட்டின் கணக்கு அவருக்குத் தெரியாததன்று.

அண்மையில் நம் தங்கை இந்நூலை வாங்கிச் சென்று படித்தாள். அவள் இப்பொழுது தாதியாகப் பணி செய்கிறாள். மணம் பற்றி வீட்டில் எவரும் பேச்செடுப்பதில்லை. எந்த இடம் பிடித்திருந்தது என்று கேட்டோம். டார்சியின் மடலென்பாள் என்று எதிர்பார்த்தோம். சார்லட் தன் இருக்கைக்குத் தெருவை நோக்கிய நல்ல அறையை விட்டுப் பின்பக்கத்துச் சிறிய அறையைத் தேர்ந்துகொள்கிறாளே, கணவன் அடிக்கடி அங்கே வரமாட்டானென்று, அந்த இடம் என்றாள்.