தீர்ப்பின் பாஷை

ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பை (28 ஏப்ரல் 1976) ஓர் உரைநடைப் பிரதியாகப் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றிற்று. நான் சட்டம் படித்தவனில்லை, பி.ஏ. இங்கிலீஷ். பாஷை எந்த இடத்தில் நழுவுகிறது என்று ஓரளவு பிடித்துவிடலாம் என்கிற நம்பிக்கைதான் என் யோக்யதை.

கேள்வி சிக்கலானதல்ல. எமர்ஜென்ஸியில் மிசாவில் பிடித்துப் போடப்பட்டவன், தன்னைச் சட்டப்படிதான் பிடித்தார்களா என்று கோர்ட்டில் கேட்கலாமா? கேட்கலாம் என்று ஒன்பது உயர்நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. கூடாது என்றது உச்சநீதிமன்றம், நாலுக்கு ஒன்று.

விசாரணையில் நீதிபதி கன்னா கேட்டார்: ஒரு போலீஸ்காரன் சொந்தப் பகையில் ஒருவனைக் கொன்றுவிட்டால் பரிகாரம் உண்டா? எமர்ஜென்ஸி நீடிக்கும்வரை இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. இந்தப் பதிலைக் காதால் கேட்ட பிறகும் நாலு பேர் அரசு பக்கம் எழுதினார்கள்.

அவர்களுடைய நடையைப் பாருங்கள். கைதிகளை அரசு கவனித்துக்கொள்ளும் விதத்தில் பெக் தாய்மையைக் காண்கிறார். கொடுமை எதுவும் நடவாது என்கிற தம் நம்பிக்கையைச் சந்திரசூட் வைரத்துக்கு ஒப்பிடுகிறார். தர்க்கம் வரவேண்டிய இடத்தில் உவமை வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் கவிஞர்கள் பலரிடம் நாம் சலித்துக்கொள்ளும் அதே வியாதி. அங்கே கவிதை கெடும், இங்கே ஆள் உள்ளேயே கிடப்பான். கன்னாவின் மறுப்புத் தீர்ப்பு வறண்டது, இடையிடையே அலுப்பூட்டுவது. ஆனால் உயிர்வாழும் உரிமை அரசியல் சட்டம் போட்ட பிச்சையல்ல, அதற்கு முன்பே இருந்தது என்ற புள்ளியைவிட்டு அது நகர்வதில்லை.

1977 ஜனவரியில் கன்னாவைத் தாண்டி பெக்கைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா ராஜினாமா செய்தார். ரே ஏற்கெனவே தலைமை நீதிபதி. சந்திரசூட்டும் பகவதியும் பின்னால் அந்த நாற்காலிக்கு வந்தார்கள்.

எங்கள் பாங்கில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மானேஜரிடம், மற்றது ஹெட் காஷியரிடம். ஒருவரை ஒருவர் நம்பவேண்டாம் என்பதற்கான ஏற்பாடு. ஹெட் காஷியரைப் பற்றி மேலே அறிக்கை எழுதுகிறவர் யார் என்றால், மானேஜர்தான்.

கோர்ட் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்கிறார் ஒரு நண்பர். திருத்திக்கொண்டது. பகவதி 2011இல் தாம் செய்தது தவறு என்றார். 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் பழைய தீர்ப்பு ரத்தாயிற்று. அது தவறென்று எழுதியவர்களில் சந்திரசூட்டின் மகனும் ஒருவர். 41 வருஷம். சிறைக் கதவைத் திறந்ததோ 1977 தேர்தல். உயிருரிமையை இனி எமர்ஜென்ஸியிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது 1978இன் 44ஆவது திருத்தம், அதாவது பார்லிமெண்ட்.

ஆக, கோர்ட்டை நம்பலாமா? அந்த ஒன்பதையும் நம்பியிருக்கலாம். அவற்றுக்கு மேலே இருந்ததை நம்பியிருக்க முடியாது. மனுப் போடுகிறவனுக்கு இது முன்கூட்டித் தெரிய வழியில்லை என்பதுதான் என் சங்கடம்.

கன்னாவின் அந்தப் பக்கங்களை யாராவது தமிழில் கொண்டுவரலாம். அலுப்பூட்டும் இடங்களையும் வெட்டாமல்.