கோட்டையில் கல்லை எண்ணாதீர்கள்

ஆங்கில ஓவியர் டர்னரின் நோரம் கோட்டை என்றதும் எல்லோரும் ஓடிப்போய் நிற்பது 1845 வாக்கில் அவர் தீட்டிய எண்ணெய் ஓவியத்தின் முன்னால்தான். அதே கோட்டையை அவர் 1816-இல் பழுப்பு மையில் அச்சுப்படமாக வெளியிட்டார். அதைச் சீந்துவாரில்லை. கேட்டால், “அதெல்லாம் நிபுணர்கள் சமாச்சாரம்” என்கிறார்கள். இல்லவே இல்லை. பத்து நிமிடப் பொறுமை போதும்.

அச்சு முறையின் அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி வரைந்து, அமிலத்தில் முக்குவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் எட்சிங். அமிலத்தில் கூடுதல் நேரம் கிடந்த கோடு கூடுதலாகக் கறுக்கும். அவ்வளவுதான்.

கோட்டை, ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி, ட்வீட் ஆற்றின் ஆங்கிலேயக் கரையில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் டர்ஹம் ஆயர்கள் கட்டியது. டர்னர் 1797-இல் முதன்முதலாக அங்கே போனார். வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை. ‘லிபர் ஸ்டுடியோரம்’ என்ற அவருடைய அச்சுத் தொடரில் வெளிவந்த 71 படங்களில் இதுவும் ஒன்று.

இனிதான் விஷயமே. இந்தப் படத்தில் கோடு வேறு, நிழல் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காதவர் படத்தையே பார்க்கவில்லை என்பேன். கோடு, டர்னர் தன் கையாலேயே தகட்டில் போட்டது. நிழல், சார்ல்ஸ் டர்னர் என்ற செதுக்குக் கலைஞருடையது. பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது. அவர் செய்தது மெசோடின்ட். பல் வைத்த உளியைத் தகடு முழுக்க ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே அச்சடித்தால் தாள் முழுக்கக் கும்மிருட்டு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். அதாவது, எட்சிங் வெள்ளையில் கறுப்பை வைக்கிறது. மெசோடின்ட் கறுப்பிலிருந்து வெள்ளையை மீட்கிறது. நேரெதிரான இரண்டு வேலைகள், ஒரே தகட்டில்!

இப்போது கிட்டத்தில் போங்கள். ஆற்றில் நிற்கும் மாடுகளைப் பாருங்கள், அப்புறம் மேலே கோட்டையைப் பாருங்கள். அதன் பின்னால் ஒளி. முகப்பு முழுக்க நிழல். விளிம்பில் மட்டும் இருட்டும் வெளிச்சமும் மோதிக்கொள்கின்றன. கல் ஒன்றும் தெரியாது. ஆனால் கோட்டையின் கனம் தெரியும். கல் கல்லாக வரைந்து, ‘அடேயப்பா, என்ன நுணுக்கம்!’ என்று சட்டம் போட்டு விற்கிறார்களே, அந்தக் கோட்டைப் படங்களில் உழைப்பு இருக்கிறது, பார்வை இல்லை. தகட்டில் மையைத் துடைக்காமல் விட்டு, நோஞ்சான் கோடுகளை மூட்டத்தில் மறைக்கும் நாகரிகம் அதைவிட மோசம். இந்த அச்சுப்படத்தைப் பின்னால் வந்த ஓவியத்துக்கு ஒத்திகை என்று ஒதுக்கும் விமர்சகர்களுக்கு ஒன்று சொல்வேன்: வரைகோட்டை ஆண்டவன்தான் ஓவியத்தில் அந்தக் கோட்டைத் துறக்க முடியும்.

கடைசியாக, உங்களிடம் மட்டும் ஒரு சூட்சுமம். மெசோடின்டின் சொரசொரப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆழமாக அரித்த கோடு அத்தனை சுலபத்தில் தேயாது. அதனால் பிந்தி அச்சான பிரதிகளில் நிழல் செத்து, கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படியொரு வெளிறிய பிரதியைப் பார்த்துவிட்டுத்தான் பலர் எட்சிங் என்றாலே வறட்சி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நீங்கள் அவசரப்படாதீர்கள். முந்தி அச்சான பிரதி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். முடியாவிட்டால் இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். அதையும் பார்த்த பிறகு பிடிக்கவில்லை என்றால், சரி, ஒப்புக்கொள்கிறேன். பார்க்காமலே சொன்னால் ஒப்ப மாட்டேன்.