‘அரோஸ்மித்’: ஆய்வுண்மையும் மனித உயிரும்

ஆய்வுகூடத்தைக் களமாகவும் ஆய்வாளனின் மனச்சான்றைக் கருவாகவும் கொண்ட நாவல்கள் உலக இலக்கியத்தில் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையாக எண்ணத்தக்கது அமெரிக்க எழுத்தாளர் சிங்கிளயர் லூயிஸ் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அரோஸ்மித்’ ஆகும். அடுத்த ஆண்டு இந்நூலுக்கு வழங்கப்பட்ட புலிற்சர் பரிசை அவர் ஏற்க மறுத்தார்; 1930இல் இலக்கியத்துக்கான நொபெல் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கரானார். ரொக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் முன்னர் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் போல் டி குரூவ் நாவலின் அறிவியற் செய்திகளுக்குத் துணைநின்றார். ஆதலால், இந்நூலில் வரும் ஆய்வுகூடம் உழைப்பும் சலிப்பும் பிழையும் நிறைந்த மெய்யான இடமாகவே காட்சி தருகின்றது.

தூய விஞ்ஞானத்துக்குச் சூட்டிய புகழ்மாலையாகவே பலரும் இந்நாவலைக் கொள்வர். அக்கொள்கை முற்றிலும் தவறானதன்று. ஆயினும், ஓர் ஆய்வாளன் தான் யாரை ஆய்கின்றானோ அவர்களுக்கு எவ்வகையிற் கடமைப்பட்டவன் என்ற வினாவே இந்நாவலின் உயிர்நிலை என்பதும், அவ்வினாவை எழுப்பிய ஆசிரியர் அதனைப் பாதிவழியிற் கைவிட்டார் என்பதும் இக்கட்டுரையாளர் கருத்தாகும்.

கதைத்தலைவன் மாட்டின் அரோஸ்மித், மருத்துவ மாணவனாய் இருக்கையிற் பேராசிரியர் மக்ஸ் கொட்லீப்பின் சீடனாகின்றான். ஒப்பீட்டுக் குழு இல்லாத பரிசோதனை பரிசோதனையாகாது என்பதே கொட்லீப் கற்பிக்கும் பாடம். பின்னர் சிற்றூர் வைத்தியனாகவும் நோற்றிலஸ் நகரின் சுகாதார அதிகாரியாகவும் பணியாற்றும் மாட்டின், ஈற்றில் நியூயோர்க்கிலுள்ள ஆய்வு நிறுவனமொன்றை அடைகின்றான். அங்கே பற்றீரியாவை அழிக்கும் ‘பேஜ்’ என்னும் வைரசைத் தானே கண்டடைகின்றான். ஆனால், பிரான்சில் டெரெல் அதனை முன்னரே வெளியிட்டுவிட்டார் என அறிந்து ஏமாற்றமடைகின்றான்.

பொதுச் சுகாதாரத்தை ஆசிரியர் நோக்கும் நோக்கிலே முதற் குறைபாடு புலனாகின்றது. நோற்றிலஸ் நகரின் சுகாதாரப் பணிப்பாளர் பிக்கர்போ, பாட்டுக் கட்டியும் விழா எடுத்தும் சுகாதாரம் பரப்பும் கோமாளியாகப் படைக்கப்பட்டுள்ளார். அங்கதம் கூரியது, சிரிக்காது படிப்பது அரிது. எனினும், ஆய்வுகூடத்துக்குப் பக்தியும் மக்கள் நலப் பணிக்கு நகைப்பும் எனப் பிரித்தளிப்பது நடுநிலையாகாது. இத்தனைக்கும், தொண்டைநோய் பரவியதற்குக் காரணம் ஒரு பாற்பண்ணையே என மாட்டின் கண்டறிந்து, அதனால் நகரில் பகையைத் தேடிக்கொள்ளும் பகுதி நாவலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. நுணுக்குக்காட்டியும் நகர வாழ்வும் ஒரே பணியின் இரு முனைகள் என்பதை ஆசிரியர் இங்கு தம்மையறியாமலே நிறுவிவிடுகின்றார்.

நாவலின் உச்சம் சென். ஹியூபேர்ட் என்னும் கற்பனைக் கரீபியத் தீவில் நிகழ்கின்றது. அங்கே பிளேக் பரவ, மக்களுட் பாதிப்பேருக்கு மட்டும் பேஜைக் கொடுத்து, மறுபாதியினரை மருந்தின்றி விட்டு ஒப்புநோக்குமாறு மாட்டின் அனுப்பப்படுகின்றான். யாவருக்கும் மருந்து கிடைக்கும் வரை தாம் அதனை ஏற்கேன் என்ற சொண்டேலியஸ் நோயால் மடிகின்றார். கிருமி சிந்திய சிகரட்டைப் புகைத்தமையால் மனைவி லியோராவும் இறக்கின்றாள். துயரத்தில் நிலைகுலைந்த மாட்டின், கேட்டவர்க்கெல்லாம் மருந்தை வழங்குகின்றான், சென். சுவிதின் என்னும் ஒரு பகுதியில் மட்டும் பரிசோதனை வேறொருவர் கையில் எஞ்சுகின்றது. திரும்பிவந்து தன் பிழையை ஒப்புக்கொள்ளச் சென்றால், கொட்லீப் சித்தம் கலங்கி அவனை அடையாளங்காணாத நிலையில் இருக்கின்றார். தீர்ப்பளிக்க எவருமில்லாத அந்நிலையை மிகையின்றிச் சித்திரித்திருப்பது லூயிசின் பெருந்திறன்.

ஆனால், மருந்து மறுக்கப்பட்ட அந்த மறுபாதியினர் யாவர்? ஒலிவர் மார்ச்சண்ட் என்னும் கறுப்பின மருத்துவர் மதிப்புடன் சித்திரிக்கப்படுகின்றார். ஏனைய தீவு மக்கள் பெரும்பாலும் தொகையாகவே நிற்கின்றனர். அவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை என்பது நாவலுக்கு ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. மாட்டினின் துயரம் மட்டுமே எடைபோடப்படுகின்றது.

இக்குறை லூயிசுக்கு மட்டும் உரியதன்று. 1948இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் காசநோய்க்கான ஸ்ரெப்ரோமைசின் ஆய்வை வெளியிட்டது. 107 நோயாளரை எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரித்த அவ்வாய்வில், மருந்து எல்லோருக்கும் போதாமையால் ஒப்பீட்டுக் குழு நியாயம் பெற்றது. எனினும், தாம் ஓர் ஆய்வுக்கு உட்பட்டிருப்பது அந்நோயாளருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அமெரிக்காவின் ரஸ்கிகியில் 1932 தொடக்கம் கறுப்பின ஆடவருக்கு உண்மை மறைக்கப்பட்டு நிகழ்ந்த மேகநோய் ஆய்வு 1972இலேயே அம்பலமாயிற்று. ஆய்வுக்குட்படுவோரின் சம்மதத்தை வற்புறுத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் எழுந்தது. ஒப்பீட்டுக் குழுவை நீக்குவதால் அறம் நிறைவேறிவிடாது. பயன் நிறுவப்படாத மருந்தை எல்லோருக்கும் வழங்குவதும் கேடாகலாம். அக்குழுவில் நிற்போர் அறிந்து உடன்படவேண்டும் என்பதே பின்வந்தோர் கண்ட வழி.

இறுதியில் மாட்டின் செல்வமிக்க இரண்டாம் மனைவியையும் மகனையும் துறந்து, வேர்மொன்ற் காட்டில் நண்பனுடன் ஆய்வைத் தொடர்கின்றான். தனிமையை விடுதலையாக ஆசிரியர் காட்டும் இம்முடிவு நிறைவளிப்பதாயில்லை. தீவிலே எழுந்த வினாவுக்குக் காட்டில் விடை கிடைக்காது. ஆயினும், மருத்துவ ஆய்வுகூடத்திலும் பொதுச் சுகாதாரத்திலும் பட்டப்பின் ஆய்வை மேற்கொள்ளும் மாணவர் இந்நாவலைக் கட்டாயம் படித்தல் வேண்டும். தம் ஆய்வேட்டின் அட்டவணையில் வரும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் கேட்கப்படவேண்டிய ஒருவர் உள்ளார் என்பதை, ஆசிரியர் சொல்லாது விட்ட இடத்திலிருந்தே அவர்கள் கற்றுக்கொள்ளலாம்.