சீட்டு வந்தது, விடை எங்கே?

பொதுக்கூட்டம் என்றால் மேடையில் ஒருவர் முழங்க, கீழே பலர் கைதட்டிக் கலைவது என்றிருந்த நாட்டில், கேட்பவனுக்கும் கேள்வி உண்டு என்று காட்டியவர் பெரியார். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு மேடைக்குப் போகும். அதில் நையாண்டி இருக்கும், நஞ்சு இருக்கும், சில வேளை நேர்மையான ஐயமும் இருக்கும். எதுவாயினும் பேசியவரே படிப்பார். பேசியவரே விடை பகர்வார். நம் படிப்பகங்களிலும் நடந்தது அதுதானே! ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத தோழர்கள் சூழ்ந்திருந்து கேட்க, படித்து முடித்த கையோடு சொற்போர் தொடங்கிவிடும்.

இன்று இணையத்தில் ஏடு நடத்துவோர், படிப்பவரும் பேசும் ஏடு என்பதைத் தாமே கண்டெடுத்த புதுமைபோல் பேசுகின்றனர். கருவி புதிது என்பதை ஒப்புகிறோம். ஆனால் சீட்டு அனுப்ப வழி செய்தவர்கள், விடை சொல்லவும் ஆள் வைத்தார்களா? இதை ஆய்ந்து பார்க்க இங்கிலாந்தின் 'கார்டியன்' ஏட்டை எடுத்துக்கொள்வோம். 1821இல் மான்செஸ்டரில் பிறந்த பழம்பெரும் ஏடு அது. புதிய களத்தில் துணிந்து இறங்கியவற்றுள் முன்வரிசையில் நின்றது. கதவையே திறக்காதவரிடம் நாம் குறை காண என்ன இருக்கிறது?

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுவோம். 2009 ஏப்ரல் 1. ஜி-20 மாநாட்டை எதிர்த்து லண்டன் நகரில் கிளர்ச்சி. செய்தித்தாள் விற்றுப் பிழைத்த ஓர் எளியவர், வீடு திரும்பும் வழியில் தெருவிலே விழுந்து மாண்டார். மாரடைப்பு என்றனர். உதவச் சென்ற காவலர்மீது கூட்டத்தார் புட்டி வீசினர் என்றொரு கதையும் உலவிற்று. ஏடு அத்துடன் அமையவில்லை. அங்கே இருந்தவர் யார், கண்டது என்ன என்று இணையத்தின் வழியே கேட்டது. கண்டவர்கள் ஒவ்வொருவராக முன்வந்தனர். அலுவல் காரணமாக லண்டன் வந்திருந்த அமெரிக்கர் ஒருவர், தாம் எடுத்த படக்காட்சியை அனுப்பி வைத்தார். ஏப்ரல் 7 அன்று அது வெளியாயிற்று. கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டபடி நடந்து சென்ற மனிதரைக் காவலர் ஒருவர் பின்னாலிருந்து தடியால் அடித்துத் தள்ளியதை உலகமே கண்டது! சட்டத்துக்குப் புறம்பான கொலை என்று 2011இல் ஜூரர்கள் முடிவு கூறினர். மறு ஆண்டு நீதிமன்றம் அந்தக் காவலரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. எனினும் காவல்துறை அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஏடு விற்றவரின் சாவுக்கு, தெருவில் நின்ற பொதுமக்கள் ஏட்டின் வழியே சான்று கூறினர்.

அதே ஆண்டு ஜூனில் மற்றொரு முயற்சி. பாராளுமன்ற உறுப்பினர்கள் பொதுப்பணத்தில் எழுதிய செலவுக் கணக்கை 'டெய்லி டெலிகிராப்' முன்னதாகவே அம்பலமாக்கியிருந்தது. பிறகு பாராளுமன்றமே கணக்கை வெளியிட்டது, பல இடங்களில் கறுப்பு மை பூசி! நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். எந்த ஏட்டின் செய்தியாளர் கூட்டம் அத்தனையையும் படிக்கும்? 'கார்டியன்' அவற்றைப் படிப்பவர்முன் விரித்து வைத்தது. 20,000 பேருக்கு மேல் திரண்டு, முதல் 80 மணி நேரத்திலேயே 1,70,000 பக்கங்களைப் பார்த்து முடித்தனர். பிறகு ஆர்வம் வடிந்தது. ஏராளமான பக்கங்கள் தொடப்படாமலே நின்றன. நமக்கு இதில் வியப்பில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் படித்தவர் அழுத்த நான்கு பொத்தான்கள் இருந்தன. தோண்டிப் பார்க்க வேண்டியது என்று ஒருவர் குறித்தபின் யார் தோண்டினார், என்ன கிடைத்தது என்று அவருக்குத் திரும்பிச் சொல்லும் ஏற்பாடு வலுவாக இல்லை. உழைப்பைக் கேட்ட ஏடு, உழைத்தவரோடு உடனிருக்க மறந்தது.

இனி, நம் உள்ளத்தை உறுத்தும் பகுதிக்கு வருவோம். கருத்துக்குக் கட்டில்லை என்று பொருள்படும் பெயரில் 2006இல் அந்த ஏடு ஒரு பகுதி தொடங்கிற்று. கட்டுரையின் அடியிலேயே எவரும் எழுதலாம். பத்தாண்டு கழித்து, 2016இல், தன் பக்கங்களில் குவிந்த 7 கோடிக் கருத்துரைகளை ஏடே அலசிப் பார்த்தது. 14 லட்சம் உரைகளைக் காவலிருந்தோர் நீக்கியிருந்தனர். மிகுதியாக வசைபாடப்பட்ட எழுத்தாளர் பதின்மரில் எண்மர் பெண்கள். எஞ்சிய இருவர் கறுப்பின ஆண்கள். மிகக் குறைவாக வசை பெற்ற பதின்மரோ அனைவரும் ஆண்கள்! எழுதப்பட்ட பொருளைவிட, எழுதியவர் யார் என்பதே வசையை இழுத்திருக்கிறது. பிறப்பைப் பார்த்து மதிப்பளக்கும் பழைய கோலைத்தான் புதிய கருவியிலும் ஏந்தி வந்திருக்கின்றனர். சாதியை எதிர்த்தோ மதத்தை எதிர்த்தோ கைப்பேசியில் நாலு வரி எழுதிய நம் தங்கையரைக் கேளுங்கள்; அந்தக் கணக்கை அவர்கள் விரல்விட்டே சொல்லிவிடுவர்.

தன் முற்றத்துக் குப்பையைத் தானே எண்ணி ஊரறிய வெளியிட்ட நேர்மையைப் பாராட்டுகிறோம். எண்ணத் தொடங்கப் பத்தாண்டு ஏன் ஆயிற்று என்றும் கேட்கிறோம். அந்தப் பத்தாண்டில் மனம் வெறுத்துப் பேனாவை மூடியவர் எத்தனை பேரோ!

மற்ற சில ஏடுகள் கண்ட தீர்வு எளிது: கதவைச் சாத்திவிட்டன. அறிவியல் இதழான 'பாப்புலர் சயின்ஸ்' 2013இல் சாத்தியது, 'ராய்ட்டர்ஸ்' தன் செய்திகளுக்கு 2014இல், அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி 2016இல். சமூக ஊடகத்தில்தான் மக்கள் பேசுகிறார்களே, அங்கே பேசட்டும் என்றனர். அறிவியலைப் பரப்ப வந்த இதழ் ஐயத்துக்கு அஞ்சலாமா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. வம்புக்கு வந்தவனையும் ஐயத்தோடு வந்தவனையும் பிரித்தறியக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடித்து, கூட்டத்தையே பேஸ்புக் முதலாளியின் திடலுக்கு அனுப்பிவிட்டனர். அங்கே எந்தக் குரல் மேலெழும் என்பதை விளம்பர வருவாய் நாடும் கணக்குப்பொறி முடிவு செய்கிறது.

இனம், குடியேற்றம், இசுலாம் பற்றிய கட்டுரைகளுக்குக் காவலிருக்க ஆள் இருக்கும்போது மட்டுமே கருத்துரை திறப்பது என்று 'கார்டியன்' 2016இல் முடிவெடுத்தது. கோழைத்தனம் என்று சிலர் எள்ளினர். நாம் எள்ளமாட்டோம், நம் கூட்டங்களிலும் கல் வீச வந்தவனைத் தடுக்கத் தொண்டர்கள் நின்றதுண்டு. ஆனால் தொண்டர் காவல் நிற்க, மேடையில் பேச்சாளரும் இருந்தார், சீட்டைக் கையில் வாங்க. திறந்திருந்த அந்தச் சில மணி நேரத்தில், கட்டுரை எழுதியவர் எத்தனை முறை வந்து அமர்ந்தார்?