வருகைப் பதிவேட்டில் இல்லாத கணக்கு

ஹட்டன், மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் தையல், காளான் வளர்ப்பு, கணக்கு எழுதுதல் என்று சுயதொழில் வகுப்புகள் நடக்கின்றன. வகுப்பு முடிந்ததும் அறிக்கை போகும்: இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை சான்றிதழ் கொடுத்தோம், இத்தனை பேர் திருப்தி என்று தாளில் குறித்தார்கள். சேவையின் தரம் என்று நாம் அளப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

தலை எண்ணுவதை அடியோடு தள்ளிவிடவும் கூடாது. செலவு குறைவு, வகுப்பு உண்மையில் நடந்ததா என்பது தெரியும். பிரிவு வாரியாகப் போட்டுப் பார்த்தால், ரோட்டோரத்துப் பிரிவுக்கே திரும்பத் திரும்ப வகுப்புப் போவதும் மேற்கணக்கு (மேட்டுப் பிரிவு) லயங்கள் விடுபடுவதும் வெளியே வரும். ஆனால் வந்தவளுக்கு அதனால் என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வியை இலங்கையிலேயே ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் கொழும்பு, கண்டிப் பகுதிப் பெண்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வணிகப் பயிற்சியை வழங்கினார்கள். அவர்களிலும் ஒரு பகுதியினருக்கு 15,000 ரூபா மானியம் கிடைத்தது. பிறகு, எதுவும் பெறாத பெண்களோடு ஈராண்டு ஒப்பிட்டார்கள். ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் இலாபத்தைக் கூட்டவில்லை. மானியமும் சேர்ந்தவர்களுக்கு முதல் எட்டு மாதம் இலாபம் ஏறியது. இரண்டாம் ஆண்டில் அந்த ஏற்றம் மறைந்தது. எட்டாம் மாதத்தோடு அளவை முடித்திருந்தால் பெரும் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். தொழிலே இல்லாதிருந்தவர்களின் கதை வேறு: பயிற்சி அவர்களைச் சீக்கிரம் தொழிலில் இறக்கியது, இலாபத்தையும் கூட்டியது. ஒரே பயிற்சி ஆளுக்கு ஆள் மாறிப் பலன் தருவதை எந்தத் திருப்தித் தாளும் காட்டாது.

இதே மூவரின் 2009 ஆய்வு இன்னும் பயனுள்ளது. அதன்படி, இலங்கைச் சிறுதொழில்காரர்கள் தங்கள் விற்பனையை ஏறக்குறைய 30 வீதம் குறைத்தே சொல்கிறார்கள். வரவு, செலவு என்று நீளமாகத் துருவுவதைவிட, இலாபம் எவ்வளவு என்று நேராகக் கேட்பதே உண்மைக்கு நெருங்கி வருகிறது. ஒரு வெளிக்கள உத்தியோகத்தரால் இப்படிக் கேட்க முடியும்.

ஆனால் கொழும்பு, கண்டிக்கு ஏற்ற அளவுகோலை அப்படியே தோட்டத்துக்குத் தூக்கிவர முடியாது. கொழுந்து பறிக்கும் பெண் வகுப்புக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போய்விடும். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மூன்று நாள் பயிற்சி என்றால் 4,050 ரூபா. இலவசம் என்று நாம் சொல்லும் பயிற்சிக்கு அவள் கட்டும் கட்டணம் இது. எந்த அறிக்கையிலும் இது செலவாக ஏறுவதில்லை என்பதே என் பெரிய குறை.

நன்கொடை முகவர் அமைப்புகளின் குழு 2001இல் வெளியிட்ட வழிகாட்டி, இத்தகைய சேவைகளைச் சந்தையாகப் பார்த்தது. பயனாளி காசு கொடுத்து வாங்க முன்வருவதே தரத்துக்குச் சான்று என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. தோட்டத்தில் பணம் வசூலிப்பது அநியாயம். ஆனாலும் அந்த எண்ணத்தில் ஓர் உண்மை இருக்கிறது. முதல் நாள் பேரை இழந்தவள் இரண்டாம் நாளும் வருகிறாளா? வந்தால், திருப்தித் தாளை விட அது பெரிய சான்று. வராவிட்டால் ஏன் என்று லயத்துக்குப் போய்க் கேட்க வேண்டும்.

இலாபத்தைக் கேட்கும் காலமும் முக்கியம். தீபாவளி முற்பணம் புழங்கும் நாட்களில் லயத்துப் பெட்டிக்கடையிலும் தையல்காரியிடமும் வியாபாரம் நன்றாக இருக்கும். முற்பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் மாதங்களில் கடன்கொப்பிதான் நிறையும். அதனால் வருடத்தில் இரண்டு முறையாவது, அதில் ஒன்று முற்பணம் பிடிக்கும் மாதத்தில், கேட்க வேண்டும்: நுண்கடன் தவணை போக, இழந்த பேர் போக, கையில் எவ்வளவு மிஞ்சியது? வகுப்புக்கு வராத பக்கத்து லயத்துப் பெண்களிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.