வேதாளம் மறுபடி ஏறும் மரம்

சிங்கப்பூரின் பிடோக்கில் நான் குடியிருக்கும் புளோக்கின் கீழேயுள்ள காப்பிக்கடையில், சனிக்கிழமை இரவுகளில், நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துவைக்கத் தொடங்கும் நேரம்வரை நீளுகிற சம்பாஷணைகளில், சில வாரங்களாக மற்ற விஷயங்களையெல்லாம் பின்தள்ளிவிட்டு முன்வந்து நிற்பது, ‘மிருதன்’ படத்தின் இரண்டாம் பாகம் எப்படி அமைய வேண்டும் என்ற கேள்விதான். 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த அந்தப் படம், தமிழில் நடைப்பிணங்களைத் திரைக்குக் கொண்டுவந்த முதல் முயற்சி. கதையை முழுக்க மூடாமல், கதவைச் சற்றே திறந்துவைத்து முடித்தார் டைரக்டர் சக்தி சௌந்தர் ராஜன். அந்தத் திறந்த கதவைப் பார்த்தபடி ரசிகர்கள் இத்தனை வருஷம் காத்திருக்கிறார்கள்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன், “மாமா, இந்தத் தடவை ஜாம்பிங்க வேகமா ஓடணும், ஊரே காலியாகணும்” என்கிறான். அவனுடைய அக்காள், “அதெல்லாம் வேணாம்டா. அந்தத் தங்கச்சிப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சுன்னு சொன்னாப் போதும்” என்கிறாள். நான் அவள் கட்சி. ஏன் என்பதைச் சாவகாசமாகச் சொல்ல வேண்டும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமும் பேயும் அணங்கில் அடங்கும். புலியும் பாம்பும் விலங்கில். மற்ற இரண்டும் மனிதரால் மனிதருக்கு வரும் பயங்கள். நடைப்பிணம் இந்த நான்கில் எதில் சேரும்? மனக்குறையோடு செத்து, பழிவாங்கத் திரும்பிவரும் ஆவி அன்று அது. ஆகையால் அணங்கு என்று சொல்ல முடியவில்லை. பசியால் வேட்டையாடும் பிராணியும் அன்று. மிருகத்தையும் மனிதனையும் ஒட்டி ‘மிருதன்’ என்று பெயர் வைத்தவர் இந்தச் சங்கடத்தை நன்றாக உணர்ந்தே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த உருவத்தில் நம்மை நடுங்கச் செய்வது அதன் பல்லோ நகமோ அல்ல. நேற்றுவரை நம்மோடு உட்கார்ந்து சோறு தின்ற முகம், இன்று நம்மை அடையாளம் தெரியாமல் நம்மை நோக்கி வருகிறதே, அதுதான். பந்துத்துவமே பயத்துக்கு நிலைக்களனாகிவிடுகிற இந்த ஐந்தாவது வகை, அந்த நான்கையும்விடக் கொடியது.

மணிமேகலையில் சார்ங்கலன் என்ற பாலகன் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் பேயாடுவதைக் கண்டு அஞ்சி உயிர்விடுகிறான். அவன் தாய் கோதமை சம்பாபதியிடம் போய், மகன் உயிரைத் திருப்பித் தரும்படி மன்றாடுகிறாள். போன உயிரை மீட்டுத்தரத் தெய்வத்தாலும் ஆகாது என்று பதில் வருகிறது. அந்தப் பதிலில் எத்தனை கருணை இருக்கிறது என்பது நடைப்பிணப் படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. கோதமை கேட்ட வரம் அரைகுறையாகக் கிடைத்து, உடல்மட்டும் எழுந்துவந்தால் என்ன ஆகும் என்பதே இந்தப் படங்களின் கதை.

‘மிருதன்’ என்ன செய்தது என்று பார்ப்போம். ரசாயனக் கழிவு பட்ட ஒரு நாய். அந்த நாய் கடித்த ஒரு காவலாளி. அவனிடமிருந்து அவன் வீட்டார். வீட்டாரிடமிருந்து ஊட்டி நகரம். நோய் கொண்டவர்கள் தண்ணீரைக் கண்டால் மிரண்டு பின்வாங்குகிறார்கள். மேல்நாட்டுப் படங்களில் நான் பார்த்திராத இந்த ஒரு அம்சத்தை, டைரக்டரின் கற்பனையிலேயே உயர்ந்தது என்று மதிக்கிறேன்; ஏனென்றால், இது நம் கிராமத்துப் பாட்டிகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெறிநாய் கடித்தவனுக்கு ஒரு வாய் நீர் விழுங்கப் போனாலே தொண்டைத் தசைகள் இழுத்துக்கொள்ளும். பிறகு நீரைப் பார்த்தாலே உடம்பு உதறும். அதனால்தான் அதற்கு நீர்வெறுப்பு நோய் என்று பெயர். கடல் கடந்து வந்த ஒரு பூதத்தை, நமக்கு முன்பே தெரிந்த ஒரு நோயின் மடியில் உட்கார்த்திவைத்த சாமர்த்தியம் அது. கதாநாயகனும் வழக்கமான வீரன் அல்லன். மலைநகரின் நாற்சந்தியில் நின்று வாகனங்களுக்குக் கைகாட்டும் போக்குவரத்துப் போலீஸ்காரன் கார்த்திக். அவனுக்கு உலகத்தில் உள்ள ஒரே உறவு வித்யா என்ற சிறிய தங்கை. ஜெயம் ரவியும் சிறுமி அனிகாவும் அந்த அண்ணன் தங்கைப் பாசத்தை மிகையில்லாமல் நடித்திருந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மருத்துவர்களை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு மருந்து தேடிப் போகும் பிற்பாதியில், துப்பாக்கி ஓயாமல் வெடிக்கிறது. சுடப்பட்டு விழுகிற ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குத் தகப்பன், யாரோ ஒருவருக்கு மகள் என்ற நினைப்பு அந்தச் சத்தத்தில் நமக்கு மறந்துபோகிறது. மறக்கவிட்டது பெரிய பிழை. ஆயினும் கடைசியில் கார்த்திக்கே நோய்க்கு இரையாகும்போது, அதுவரை சிதறிக்கிடந்த பயமெல்லாம் ஒரே முகத்தில் வந்து குவிந்துவிடுகிறது. அந்த நிமிஷத்தில், தேக்காவுக்கு அருகே நான் படம் பார்த்த கொட்டகையில், முன்வரிசையில் அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த பையன்கள் சட்டென்று அடங்கிவிட்டதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இனி, தொடர்ச்சி எடுப்பது என்னும் கலையைப் பற்றி. நம் பேய்ப்படங்களுக்கு அடுத்தடுத்த பாகங்கள் எடுப்பது அத்தனை பிரயாசையான காரியமில்லை. 2007இல் ‘முனி’ எடுத்த ராகவா லாரன்ஸ் 2011இல் ‘காஞ்சனா’வைக் கொண்டுவந்து, பிறகு 2015இலும் 2019இலும் அதே வரிசையை நீட்டினார், சுந்தர் சி.யின் ‘அரண்மனை’ நான்கு பாகம் கண்டுவிட்டது. ஒவ்வொரு பாகத்துக்கும் புதிதாக ஓர் ஆவி, அந்த ஆவிக்கு ஓர் அநியாயக் கதை, கடைசியில் ஒரு பரிகாரம் என்று வைத்துவிட்டால் தேர் ஓடிவிடும். நோய்க்கு அப்படிப் பூர்வகதை கிடையாது, பரிகாரமும் கிடையாது. ஆகவே நடைப்பிணக் கதையின் இரண்டாம் பாகத்துக்கு, முதற்பாகத்தில் மீந்த கடனைத் தவிர வேறு மூலதனமில்லை.

இந்தக் கலைக்கு இலக்கணம் வேண்டுமானால் விக்கிரமாதித்தன் கதையில் இருக்கிறது. முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்தை ராஜா வெட்டி இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான்; பிணத்துள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கிறது; ராஜா விடை சொன்னதும் மறுபடி மரம் ஏறிவிடுகிறது. பிணம் அதே பிணம், கனமும் அதே கனம், சுடுகாட்டுப் பாதையும் அதே பாதை. ஒவ்வொரு தடவையும் மாறுவது கேள்வி ஒன்றுதான். எத்தனை தலைமுறையாக அலுக்காமல் அதைக் கேட்டுவந்திருக்கிறோம்! பிணத்தின் கனத்தைக் கூட்டினால் தொடர்ச்சி சிறக்கும் என்று நினைப்பவர்கள் இந்த ரகசியத்தை அறியாதவர்கள்.

மேல்நாட்டில் இதை அறிந்தவர் ஜார்ஜ் ரொமேரோ. 1968இல் சொற்பப் பணத்தில், கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த முதற்படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. பத்து வருஷம் கழித்து எடுத்த இரண்டாவதில் முதற்படத்துப் பாத்திரங்கள் ஒருவரும் இல்லை. செத்தவர்கள் ஒரு பெரிய அங்காடிக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், உயிரோடிருந்த நாளில் அங்கே வந்து பழகிய பூர்வ வாசனையால். முதற்படத்தின் கேள்வி ‘தப்புவது எப்படி’ என்பது. இரண்டாவதன் கேள்வி, ‘இவர்கள் உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்’ என்பது.

இதைவிட என்னை உலுக்கிய உதாரணம், ‘28 டேஸ் லேட்டர்’ படத்துக்கு 2007இல் வேறொரு டைரக்டர் எடுத்த தொடர்ச்சி. ஆரம்பக் காட்சி ஒரு பண்ணை வீடு. ஜன்னல்களையெல்லாம் பலகை அடித்து மூடிவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புருஷனும் மனைவியும் இன்னும் சிலரும் சாப்பிட உட்காருகிறார்கள். நோயாளிகள் உள்ளே புகுந்துவிடுகிறார்கள். ஓர் அறையில் இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் ஒரு சிறுவனைக் காப்பாற்ற முயலும் மனைவி, நடுவில் எமன். அவன் ஒரு கணம் அவளைப் பார்க்கிறான். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஓடுகிறான். பச்சை வயலில் தலைதெறிக்க ஓடும்போது திரும்பிப் பார்த்தால், மாடி ஜன்னலில் அவள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். படத்தின் மீதிக் கதை முழுவதும், அந்த மாடி ஜன்னலை விட்டு ஓடிய ஒரு கோழைத்தனத்திலிருந்து முளைத்துப் படருகிறது. பிற்பகுதியில் வரும் ஹெலிகாப்டரும் நெருப்பும் எனக்கு ஞாபகமில்லை. அந்த ஜன்னல் ஞாபகமிருக்கிறது.

எதிர்மறை உதாரணம் கொரியாவிலிருந்து வந்தது. ‘டிரெயின் டு பூசான்’ எத்தனை அற்புதமான படம்! ஓடும் ரயிலின் குறுகிய பெட்டிகள். கண்ணாடிக் கதவில் தண்ணீர் தெளித்துச் செய்தித்தாளை ஒட்டி, பார்வையை மறைத்துவிட்டால் அடங்கிப்போகும் நோயாளிகள். முடிவில் இருண்ட சுரங்கத்திலிருந்து அழுதுகொண்டே பாடியபடி வரும் சிறுமியின் குரலைக் கேட்டு, சுடுவதற்கு ஆயத்தமாக நின்ற சிப்பாய்கள் துப்பாக்கியைத் தாழ்த்துவது. அதன் பின்னாக வந்த ‘பெனின்சுலா’வை நாங்கள் சிங்கப்பூரில் பார்த்த சந்தர்ப்பம் விசேஷமானது. கிருமித்தொற்றால் மூடிக்கிடந்த திரையரங்குகள் 2020 ஜூலை 13ஆம் தேதி, அரங்கு ஒன்றுக்கு 50 பேர் என்ற கட்டுப்பாட்டோடு திறந்தன. அதே வாரத்தில் இந்தப் படம் வந்தது. முகக்கவசம் அணிந்து, இடம்விட்டு இடம் உட்கார்ந்து, பக்கத்து மனிதன் இருமினால் திடுக்கிட்டு, தொற்றைப் பற்றிய ஒரு கதையைப் பார்த்தோம். பயப்படுவதற்கு அதைவிடத் தகுந்த மனநிலை மனிதருக்கு வாய்க்காது. அப்படியிருந்தும் படம் எங்களைத் தொடவில்லை. ரயில்பெட்டியின் நெருக்கம் போய், கார்கள் ஒன்றையொன்று துரத்தும் அகலமான சாலைகள் வந்துவிட்டன. பிணங்களின் எண்ணிக்கை பெருகிற்று, முகங்கள் குறைந்துபோயின.

எங்கள் தீவுக்கும் இதில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. பிடோக்கிலிருந்து அதிக தூரமில்லாத ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோ இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், மரியா மெனாடோவை நாயகியாக வைத்து 1957இல் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படத்தை எடுத்தார். அதே வருஷத்தில் இரண்டாவது, 1958இல் மூன்றாவது என்று தொடர்ச்சிகளும் வந்தன. பிரசவத்தில் மாண்ட பெண் பொந்தியானாக் என்ற பேயாகத் திரிவாள். பிடரியில் ஆணி அடித்தால் அழகான மானிடப் பெண்ணாகிவிடுவாள். ஆணியைப் பிடுங்கினால் மறுபடி பேய். தாய்நாட்டில் எங்கள் ஊரில் பேய் பிடித்தவளின் உச்சிமயிரைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பதைச் சிறுவயதில் பார்த்த எனக்கு, கடலுக்கு இரண்டு கரையிலும் அதே ஆணி இருப்பது ஆச்சரியமாக இருந்தது. முதலிரண்டு படங்களும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. மூன்றாவதான ‘சும்பா பொந்தியானாக்’ மட்டும் எஞ்சி நிற்கிறது. முன்கதை தொலைந்த பின்னும் தன் காலில் நிற்கிற தொடர்ச்சி அது. எங்கள் மாடியிலுள்ள மலாய் மூதாட்டிக்கு, இன்றும் இரவில் சம்பங்கி மணம் வந்தால், பொந்தியானாக் வருகிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தூக்கம்.

‘மிருதன்’ இரண்டாம் பாகத்தில் வேதாளம் என்ன புதுக்கேள்வி கேட்க வேண்டும்? மணல் தோண்டிய பள்ளமாயிருந்து நீர்த்தேக்கமாகிய பிடோக் ஏரிக்கரையில் ஒரு மாலை நடந்துகொண்டிருக்கையில் எனக்கு ஒன்று தோன்றிற்று. முதற்பாகத்தில் தண்ணீர் கவசம். ஊட்டியில் தண்ணீருக்குக் குறைவில்லை. அதே நோய் சென்னைக்கு ஒரு கோடையில் இறங்கினால்? 2019ஆம் ஆண்டு ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 டாங்கிகள் கொண்ட ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் குடிநீர் வந்த அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். லாரிக்காகத் தெருவில் காத்து நிற்கும் பிளாஸ்டிக் குடங்களின் வரிசை. குழாயில் காற்றுமட்டும் சீறும் சத்தம். உயிரைக் காக்கும் கவசமும் தாகத்தைத் தீர்ப்பதும் ஒரே குடத்து நீர். ஜோகூரிலிருந்து குழாயில் வரும் நீரை நம்பி வாழ்ந்துவரும் தீவுவாசிகளான எங்களுக்கு அந்தப் பயம் விளக்கிச் சொல்லாமலே புரியும். அடுத்த வீட்டுக்காரன் கேட்டால் ஒரு சொம்பு கொடுப்போமா? இது தகுந்த கேள்வி.

அந்தக் குடம் கடைசியில் வித்யாவின் இடுப்பில் இருக்க வேண்டும். இப்போது அவள் வளர்ந்த பெண். எதிரே, அவளை அடையாளம் தெரியாமல் அண்ணன் வருகிறான். நீரை வீசினால் அவள் பிழைப்பாள். அவன் மிரண்டு இருட்டில் ஓடிப்போவான், திரும்பக் கிடைக்கமாட்டான். என் தங்கை மகளிடம் இதைச் சொன்னபோது அவள் நெடுநேரம் தேநீர்க் கோப்பையைத் தொடவில்லை; பிறகு, “அவ வீசமாட்டா மாமா” என்றாள். “வீசிடுவா” என்றான் தம்பி. வேகமாக ஓடும் பிணங்களை அவன் அன்று மறந்தே போனான்.

டைரக்டருக்கு இந்த ரசிகனின் விண்ணப்பம் ஒன்றே. துப்பாக்கிகளைக் குறையுங்கள், நாற்சந்தியில் கைகாட்டி நின்ற அந்தப் போலீஸ்காரனின் பழைய கையசைவு ஒன்றை, அவன் கையில் மிச்சம் வையுங்கள், வித்யாவை மறந்துவிடாதீர்கள்.